மொழியைக் காக்கப் பள்ளி மட்டும் போதுமா? கரே என்னும் சிற்றூரின் வரலாறு



"பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டேன், இனி அவன் தமிழுக்கு ஆசிரியரே பொறுப்பு" என்று கூறும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். "வீட்டில் தமிழே பேசாத பிள்ளைக்கு வகுப்பறையில் நான் எவ்வளவுதான் ஊட்ட முடியும்?" என்று கேட்கும் ஆசிரியர்களும் உள்ளனர். ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் சந்திப்புகளிலும் இவ்விரு குரல்களையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இவற்றுள் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஆனால், இதே வினாவை நூறாண்டுகளுக்கும் மேலாக எதிர்கொண்டு வரும் ஓர் ஊர் உண்டு. அதன் வரலாற்றைப் படித்ததிலிருந்து என் எண்ணங்களில் ஒரு தெளிவு பிறந்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவ்வூரின் பெயர் கரே. பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனி என்னும் நிலப்பகுதியின் நடுவில் அது அமைந்துள்ளது. மக்கள்தொகை சுமார் 7,000 மட்டுமே. சுற்றிலும் மேய்ச்சல் நிலங்களும் மாட்டுப் பண்ணைகளும் சிற்றூர்களும். அலை மோதும் கடற்கரையோ பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த நகரமோ அருகில் இல்லை. வழிப்போக்கர் பார்வைக்குச் சாதாரணமான ஓர் உழவர் ஊர்தான்!

பிரிட்டனி வேறு, பிரிட்டன் வேறு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் இவ்விரண்டிற்கும் உறவு உண்டு. கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களால்தான் இந்நிலம் இப்பெயர் பெற்றது. அவர்கள் பேசிய மொழியே பிரெத்தோன். அது பிரெஞ்சு மொழியின் கிளைமொழி அன்று. வேல்சு மக்களின் மொழியோடு உடன்பிறந்த கெல்டிய மொழி அது. கரே என்னும் ஊர்ப்பெயர் அம்மொழியில் 'கரயெஸ்' என வழங்கும்.

சாலைகள் கூடும் ஊர்

இவ்வூர் நேற்று முளைத்ததன்று. உரோமானியர் காலத்தில் 'வொர்கியும்' என்னும் பெயரோடு ஒசிசுமி இனத்தாரின் தலைநகராக விளங்கியது. பல திசைகளிலிருந்தும் வரும் உரோமானியச் சாலைகள் இங்கே கூடின. மேட்டில் அமைந்த இந்நகரத்திற்குத் தண்ணீர் கொண்டுவர 27 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்றை அக்காலத்தவர் கட்டினர். அதன் எச்சங்களை இன்றும் காணலாம். 2018ஆம் ஆண்டு முதல் அவ்வரலாற்றை விளக்கும் தொல்லியல் மையம் ஒன்றும் ஊரில் செயல்பட்டு வருகிறது.

சாலைகள் கூடும் இடத்தில் மக்களும் கூடுவர் அல்லவா? கரேயின் வரலாறு நெடுகிலும் இப்பண்பினைக் காண்கிறோம். 1675ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னர் போர்ச் செலவுக்காக முத்திரைத் தாள், புகையிலை ஆகியவற்றின் மீது வரி விதித்தார். பிரிட்டனி கொதித்தெழுந்தது. கரேயைச் சூழ்ந்த பகுதியில் உழவர்கள் சிவப்புத் தொப்பி அணிந்து திரண்டனர். செபாசுத்தியான் லெ பால்ப் என்னும் பத்திரப் பதிவாளர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் அவர் கொல்லப்பட்டார், கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது. ஆனால் சிவப்புத் தொப்பியை மக்கள் மறக்கவில்லை. 338 ஆண்டுகள் கழித்து, 2013இல் சரக்கு வாகனங்கள் மீதான புதிய வரியை எதிர்த்துப் பிரிட்டனி மக்கள் எழுந்தபோது, அதே சிவப்புத் தொப்பியை அணிந்துகொண்டனர். அப்போராட்டத்தின் முக்கியக் களங்களில் கரேயும் ஒன்று. அவ்வரி முதலில் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது.

இவ்வூர் ஈன்ற மகன்களுள் புகழ்பெற்றவர் லா தூர் தோவெர்ன். 1743இல் பிறந்த இவர் போர்வீரர். ஆனால் மொழி ஆராய்ச்சியில் பெருவேட்கை கொண்டவர். பிரெத்தோன் மொழியின் தோற்றத்தைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஓய்வு பெற்றிருந்த காலத்தில், தம் நண்பரான முதிய மொழியறிஞர் லெ பிரிகான் என்பாரின் எஞ்சியிருந்த மகனும் படைக்கு அழைக்கப்பட்டதை அறிந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. "அவனுக்கு மாற்றாக நான் செல்கிறேன்" என முன்வந்து மீண்டும் படையில் சேர்ந்தார். 1800ஆம் ஆண்டு ஜூன் மாதம் பவேரியப் போர்க்களத்தில் உயிர் நீத்தார். 1841இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை கரே நகரில் நிற்கிறது. மொழிப்பற்றும் மனிதப்பற்றும் ஒருவரிடமே இணைந்திருந்தமைக்கு நல்ல எடுத்துக்காட்டு இவர்.

இருப்புப்பாதையும் பள்ளிக்கூடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு புதிய ஆற்றல்கள் இவ்வூருக்குள் நுழைந்தன. ஒன்று இருப்புப்பாதை, மற்றொன்று கட்டாயக் கல்வி.

1891இல் வடக்கே மொர்லே நகரிலிருந்து கரேக்கு முதல் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஐந்து திசைகளுக்கு ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு பாதைகள் விண்மீனின் கதிர்களைப் போலப் பரவின. கரே தொடர்வண்டிப் பணியாளர்களின் ஊராக மாறியது. விளைபொருள்களும் கால்நடைகளும் சந்தைக்குச் சென்றன. அவற்றோடு இளைஞர்களும் சென்றனர்! பிழைப்புத் தேடிப் பாரிசு நகருக்குச் சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை. 1967இல் அச்சிறு பாதைகள் மூடப்பட்டன. கெங்காம் நகருக்குச் செல்லும் ஒரு பாதை மட்டும் அகலப்படுத்தப்பட்டு எஞ்சியது. தோட்டப்புறங்கள் வெறுமையாவதைக் கண்ணெதிரே கண்ட நமக்கு இத்தகைய வரலாறு புரியாததன்று.

இனிப் பள்ளிக்கூடத்தின் கதைக்கு வருவோம். ஆசிரியர்களாகிய நாம் சற்று நிதானித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

1881, 1882ஆம் ஆண்டுகளில் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களால் பிரான்சில் தொடக்கக்கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. ஏழை உழவரின் பிள்ளைக்கும் எழுத்தறிவு கிட்டியது. இது போற்றத்தக்க செயலே. ஆனால் அப்பள்ளியில் பிரெஞ்சு மொழிக்கு மட்டுமே இடம் இருந்தது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பிரெத்தோன் மட்டுமே அறிந்த குழந்தை, பள்ளி வாயிலைத் தாண்டியதும் ஊமையானது.

பிரெத்தோன் பேசிய குழந்தைக்குத் தண்டனையும் உண்டு. மரக்கட்டை, பழைய மரக்காலணி போன்ற ஏதேனும் ஒரு பொருளை அக்குழந்தையின் கழுத்தில் தொங்கவிடுவர். அதற்கு 'அடையாளம்' என்றும் 'பசு' என்றும் பெயர். அடுத்து எந்தக் குழந்தை பிரெத்தோன் பேசுகிறதோ, அதனைக் கண்டுபிடித்துச் சொன்னால் அப்பொருள் அக்குழந்தையின் கழுத்துக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் அது உள்ளதோ அக்குழந்தைக்குத் தண்டனை. பிரிட்டனியின் பல பள்ளிகளில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. நண்பனை நண்பன் காட்டிக்கொடுக்கப் பழக்கிய இம்முறையை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இதில் மற்றொரு துயரமும் அடங்கியிருக்கிறது. அத்தண்டனையை வழங்கிய ஆசிரியர்களுள் பலர் வெளியூர்க்காரர் அல்லர். அதே மண்ணில் பிறந்து, அதே மொழியைத் தாய்ப்பாலோடு அருந்திய உழவர் வீட்டுப் பிள்ளைகளே அவர்கள்! குழந்தைக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் நம்பினர்.

பள்ளிக்கு வெளியிலும் நெருக்கடி இருந்தது. 1902இல் அரசு, தேவாலயங்களில் பிரெத்தோன் மொழியில் மறையுரை ஆற்றுவதைத் தடை செய்தது. மீறிய குருமார்களின் ஊதியம் நிறுத்தப்பட்டது. ஆயினும், மொழி உடனே மறைந்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தண்டனை பெற்ற குழந்தை வீடு திரும்பியதும் தாயோடு பிரெத்தோனில்தான் பேசியது. ஏறத்தாழ 1950ஆம் ஆண்டளவில்கூடச் சுமார் 10 இலட்சம் பேர் அம்மொழியை அறிந்திருந்தனர்.

அப்படியானால் சங்கிலி எங்கே அறுந்தது? வீட்டில்! இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெற்றோர் ஒரு முடிவெடுத்தனர். எந்தச் சட்டமும் அவர்களை அவ்வாறு கட்டாயப்படுத்தவில்லை. "நாம் பட்ட அவமானம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிரெஞ்சு பேசினால்தான் வேலை கிட்டும்" என எண்ணினர். கணவனும் மனைவியும் தமக்குள் பிரெத்தோன் பேசினர். குழந்தையிடம் மட்டும் தமக்கே சரளமாக வராத பிரெஞ்சில் பேசினர். ஒரே தலைமுறைதான். பாட்டியும் பேரனும் ஒரே அடுக்களையில் அமர்ந்து, மனம்விட்டுப் பேச மொழியில்லாமல் தவிக்கும் நிலை வந்தது.

அப்பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் பிள்ளைகளின் நல்வாழ்வையே விரும்பினர். அந்த அடையாளக் கட்டை அவர்கள் கழுத்திலிருந்து இறங்கிய பின்னும் மனத்திலிருந்து இறங்கவில்லை என்பதே உண்மை.

இரவு விழாவும் ஒரு முளையும்

மொழி மங்கிய அதே ஆண்டுகளில், கரேயைச் சுற்றிய சிற்றூர்களில் வேறொன்று துளிர்த்தது. முற்காலத்தில் அறுவடை போன்ற கூட்டு வேலை முடிந்த இரவில் உழவர்கள் ஒன்றுகூடி ஆடிப்பாடுவர். 'ஃபெசுட்-நோஸ்' எனப்படும் இந்த இரவு விழா, இயந்திரங்கள் வந்தபின் மறைந்துகொண்டிருந்தது. கரேக்கு அருகிலுள்ள புல்லாவுவென் என்னும் ஊரில் பிறந்த லோயிஸ் ரொபார்சு 1950களில் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். களத்துமேட்டில் நடந்த விழாவை ஊர் மண்டபத்திற்குக் கொண்டுவந்தார். 2012இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

இவ்விழாவில் இருவர் இணைந்து பாடும் ஒரு முறை உண்டு. முதற்பாடகர் ஓர் அடியைப் பாடுவார். அவ்வடி முடியுமுன்பே, இறுதி அசைகளில் இரண்டாமவர் குரல் சேர்ந்து, அவ்வடியைத் திரும்பப் பாடுவார். அவர் முடிக்குமுன் முதலாமவர் மீண்டும் சேர்ந்துகொள்வார். இடையில் மூச்சுவிடும் இடைவெளியும் இருக்காது; ஆடுவோரின் கால்கள் நிற்கா. கரேயை அடுத்த திரெஃப்ரின் ஊரைச் சேர்ந்த கொவாதெக் சகோதரிகள் மூவர் இம்முறையில் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். உழவர் குடும்பத்தில் பிறந்த அம்மூதாட்டியருக்குக் கரே நகரில் சிலை உள்ளது.

ஒரு மொழி தலைமுறை கடந்து செல்வதும் இப்படித்தான் என்று நான் எண்ணுகிறேன். மூத்தவர் பாடி முடிக்குமுன் இளையவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூத்தவர் குரல் அடங்கிய பின் தொடங்கலாம் என்று காத்திருந்தால் பாட்டு அறுந்துபோகும்.

அறுந்ததை இணைக்க முயன்றவர்கள் பெற்றோர்களே. 1977ஆம் ஆண்டு பிரிட்டனியின் வடமேற்குக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளோடு ஒரு மழலையர் வகுப்பு தொடங்கப்பட்டது. அங்கே பயிற்றுமொழி பிரெத்தோன். அவ்வமைப்பின் பெயர் 'திவான்'. நமக்குப் பழக்கமான மலாய்ச் சொல்லைப் போல ஒலித்தாலும் இதற்குப் பொருள் மண்டபம் அன்று, 'முளை' என்பதாகும். அப்பள்ளிகளை உருவாக்கிய பெற்றோர்களுள் பலர், தம் வீட்டில் பிரெத்தோன் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் தலைமுறையினர். தாங்கள் பெறாததைத் தம் மக்களுக்குத் தர முனைந்தனர்.

முளை மெல்ல வளர்ந்தது. தொடக்கப்பள்ளிக்குப் பின் இடைநிலைப்பள்ளி, அதன்பின் 1994இல் மேல்நிலைப்பள்ளி. அம்மேல்நிலைப்பள்ளி 1999இல் கரே நகருக்கு வந்தது. கடைகள், தொழில், மக்கள் என ஒவ்வொன்றாக வெளியே சென்றுகொண்டிருந்த ஓர் ஊருக்குள், பிரிட்டனியின் எல்லாத் திசைகளிலிருந்தும் இளையோர் வந்து தங்கிப் படிக்கத் தொடங்கினர்! மொழிக்கான பொது அலுவலகத்தின் தலைமையகமும் இவ்வூரிலேயே உள்ளது.

ஊர் கொடுத்த தோள்

ஏன் கரே? நாட்டின் தலைநகரோ பல்கலைக்கழகமோ இல்லாத இவ்வூர் அம்மொழிக்கு எப்படித் தாய்வீடாயிற்று? கூடிச் செய்யும் பழக்கம் என்பதே என் விடை. இரண்டு நிகழ்வுகளைக் கூறுகிறேன்.

1992இல் பிரெசுட் துறைமுகத்தில் பழைய பாய்மரக் கப்பல்களின் பெருவிழா நடைபெற்றது. கரேக்கு அருகிலுள்ள லாந்தெலோ ஊர் இளைஞர்கள், "அவர்களுக்குப் பழைய கப்பல், நமக்குப் பழைய கலப்பை" என்று நகைச்சுவையாக ஒரு விழா எடுத்தனர். 'பழைய கலப்பைகள்' என்பதே அதன் பெயர். 1995இல் அது கரேக்கு மாறியது. இன்று பிரான்சின் மிகப்பெரிய இசைவிழாக்களுள் ஒன்று அது. ஜூலை மாதத்தில் சில நாள்களில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். 7,000 பேர் வாழும் ஊரில்! அதனை நடத்துவோர் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். சுற்றுவட்டாரத்து விளையாட்டுக் கழகங்கள், பள்ளிச் சங்கங்கள், பண்பாட்டுக் குழுக்கள் எனப் பலவும் ஆள் அனுப்புகின்றன. அவ்வுழைப்புக்கு ஈடாகச் சங்கங்களுக்குப் பணம் கிடைக்கிறது. அப்பணம் ஊருக்குள்ளேயே புழங்குகிறது.

மற்றொன்று 2008ஆம் ஆண்டு நிகழ்வு. கரே மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவையும் அறுவைச் சிகிச்சைப் பிரிவையும் மூட அதிகாரிகள் முடிவு செய்தனர். பிள்ளை பெறத் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் செல்ல வேண்டிய நிலை. ஊரே தெருவில் இறங்கியது. தாய்மார், உழவர், கடைக்காரர், செவிலியர் என அனைவரும் மாதக்கணக்கில் போராடினர். அவ்வாண்டு ஜூனில் அம்முடிவு கைவிடப்பட்டது. இந்நிகழ்வைத் தழுவி 2012இல் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. 2023இல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு நெருக்கடி வந்தபோது மக்கள் மீண்டும் திரண்டனர்.

விழா நடத்தும் கைகளும் மருத்துவமனையைக் காக்கும் கால்களுமே மொழிக்கும் துணை நின்றன. நகராட்சிகள் அன்றாடப் பணிகளில் பிரெத்தோனைப் பயன்படுத்த உறுதியளிக்கும் சாசனம் ஒன்று உருவானபோது, 2004இல் அதில் முதலில் கையொப்பமிட்ட ஊர் கரே. 2008இல் மொழிக்காக முதல் தொடரோட்டம் நடைபெற்றது. நாந்து நகரில் தொடங்கி இரவும் பகலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி முடிவடைந்த இடம் கரே. ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாரேனும் ஒருவர் பணம் கொடுத்து வாங்குவர். அத்தொகை திவான் பள்ளிகளுக்கும் மொழிப் பணிகளுக்கும் சேரும். ஓடுவோர் கைமாற்றும் கோலுக்குள் பிரெத்தோனில் எழுதிய செய்தி ஒன்று இருக்கும். இறுதியில் அது திறந்து படிக்கப்படும். அன்று பள்ளியில் கைமாறியது தண்டனைக் கட்டை. இன்று சாலையில் கைமாறுவது மொழி சுமக்கும் கோல்!

எண்கள் கூறும் உண்மை

இத்துடன் முடித்தால் இக்கட்டுரை இனிமையாக இருக்கும். ஆனால் முழுமையான உண்மையாகாது.

2018ஆம் ஆண்டு ஆய்வில் பிரெத்தோன் பேசுவோர் சுமார் 2,07,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 2024இல் நடத்தப்பட்ட ஆய்வில் அத்தொகை சுமார் 1,07,000 ஆகக் குறைந்துவிட்டது. ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி! வீட்டில் அம்மொழியைப் பெற்ற கடைசித் தலைமுறை முதுமையால் மறைந்துகொண்டிருக்கிறது. திவான் பள்ளிகளில் சுமார் 4,000 மாணவர்கள் பயில்கின்றனர். அரசுப் பள்ளிகளிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் உள்ள இருமொழி வகுப்புகளையும் சேர்த்தால் சுமார் 20,000 பேர். இவர்களின் முயற்சி பெரிது. ஆயினும் மறைவோரின் இடத்தை நிரப்ப இது போதவில்லை. சட்டமும் முழுமையாகத் துணை நிற்கவில்லை. 2021இல் வட்டார மொழிகளுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அவ்வாண்டு மே மாதம் அரசமைப்பு மன்றம், வட்டார மொழியையே முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொள்ளும் முறைக்கு இடமளித்த பிரிவை நீக்கிவிட்டது.

வீட்டில் அறுந்த சங்கிலியை இணைக்க ஐம்பது ஆண்டுகளாகப் பள்ளி போராடுகிறது. பள்ளி இல்லையேல் அம்மொழிக்கு இளையோரே இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளி மட்டும் போதவில்லை. பள்ளியில் கற்ற பிள்ளைக்கு அம்மொழியில் பாட ஒரு விழா வேண்டும், வாங்க ஒரு கடை வேண்டும், பேச ஒரு பாட்டி வேண்டும். கரே தன்னால் இயன்ற அளவு விழாவையும் வீதியையும் தந்தது. பாட்டியைத் தர அதனால் இயலவில்லை. அவள் முதுமையடைந்து சென்றுவிட்டாள்.

இங்கேதான் நம் நிலைமையை எண்ணிப் பார்க்கிறேன். பிரெத்தோன் மொழிக்கு வாய்க்காத அரும்பேறுகள் தமிழுக்கு உண்டு. பிற நாடுகளில் கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். நம் நாட்டில் அரசு ஏற்ற பாடத்திட்டமும் தேர்வும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீடுகளில் பாட்டியர் இன்னும் இருக்கின்றனர்! பேரப்பிள்ளைகளோடு தமிழில் பேச அவர்கள் காத்திருக்கின்றனர். கரேயின் பெற்றோர் எவ்வளவு பணம் கொடுத்தாலும், எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் மீட்க முடியாத செல்வம் நம் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

ஆகவே, தொடக்கத்தில் கூறிய இருவருக்கும் என் பணிவான விடை இதுதான். பெற்றோர்களே, பள்ளி உங்கள் பிள்ளைக்கு எழுத்தையும் இலக்கணத்தையும் தரும். பேச்சை நீங்கள்தாம் தரவேண்டும். இன்றிரவு உணவு வேளையிலேயே தொடங்கலாம். ஆசிரிய நண்பர்களே, வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளை வந்தால் சலிப்படைய வேண்டாம். அப்பிள்ளைக்குப் பள்ளிதான் முளைவிடும் நிலம். ஆனால் வகுப்பறையோடு நின்றுவிடாமல், ஊரையும் உடன் அழைத்துக்கொள்வோம். பள்ளி விழாவுக்குத் தாத்தா பாட்டியரை அழைத்துக் கதை சொல்லச் செய்வோம். தமிழ் பேசும் கடைக்காரரிடம் பிள்ளைகளை அனுப்பிப் பொருள் வாங்கப் பழக்குவோம்.

மூத்தவர் குரல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது அடங்குவதற்குள் நம் பிள்ளைகள் அதனைப் பிடித்துக்கொள்ளட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.